அகண்ட காவிரியும் அத்தையின் 34 மில்லிமீட்டரும்

இன்டர்னல்ஸ், பிளேஸ்மென்ட், மெஸ் சாப்பாடு எல்லாத்தையும் கொஞ்சம் ஓரமா வச்சுட்டு ஒரு ஸ்கேலை எடுங்க. 34 மில்லிமீட்டர் எவ்வளவுன்னு பாருங்க. கிட்டத்தட்ட ரெண்டு விரலைச் சேர்த்து வச்ச அகலம். எங்க அத்தை நெஞ்சுக்குள்ள இருந்த ஒரு ரத்தக்குழாயின் அகலம் அது. ஸ்கேன் படத்திலும் அது இருந்தது. ரெண்டு வருஷமா யாரும் அளக்கல. அந்த அளவைப் பத்தின பாடம்தான் இது.

அத்தைக்கு வீடு ஸ்ரீரங்கம் வடக்கு உத்தர வீதியில். வருஷா வருஷம் பிள்ளையார் சதுர்த்திக்கு மலைக்கோட்டைப் படி அத்தனையும் ஏறி உச்சிப் பிள்ளையாரைப் பார்த்துட்டு வர்ற ஆள். 2019-ல் குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு, ஆறு வாரம் படுக்கை. கட்டு பிரிச்ச பிறகும் அந்தக் கால் வீங்கியே இருந்தது. "போகப் போகச் சரியாயிடும்"னு விட்டுட்டோம். அடுத்து லாக்டவுன். யாரும் எங்கேயும் நடக்காத காலம், அதனால மூச்சு வாங்குதான்னு யாருக்கும் தெரியல.

2021 மே மாசம் கொரோனா. ஊரே வரிசையில் நின்னு நெஞ்சு சி.டி. எடுத்த நேரம். அத்தைக்கும் எடுத்தோம். ஸ்கோர் 25-க்கு 5. "பயப்பட ஒண்ணுமில்ல"ன்னாங்க. சி.டி. கவர் அலமாரிக்குப் போயிடுச்சு.

கொரோனா போச்சு, மூச்சு வாங்குறது போகல. அம்மா மண்டபம் போற வழியில் ரெண்டு இடத்தில் நின்னு நின்னு போகணும். எடை கூடிருச்சுன்னாங்க. அப்புறம் ரத்தசோகைன்னாங்க. அப்புறம் ஆஸ்துமான்னு ஒரு இன்ஹேலர். கையில் பட்டை கட்டிப் பார்த்தா பிரஷர் 120/80, அப்படியே பாடப்புத்தக அளவு. 2023-ல்தான் ஒரு டாக்டர் எக்கோ எடுக்கச் சொன்னார். அன்னைக்குத்தான் எங்க வீட்டுக்குள்ள அந்தப் பேர் வந்தது: நுரையீரல் உயர் ரத்த அழுத்தம்.

கைப்பட்டைக்குத் தெரியாத பிரஷர்

"பிரஷர் நார்மல்னு சொன்னாங்களே?" அத்தை கேட்ட முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி.

இதயம் உண்மையில் இரண்டு பம்புகள். இடது பம்ப் உடம்பு முழுவதற்கும் ரத்தம் அனுப்புகிறது. வலது பம்ப் நுரையீரலுக்கு மட்டும் அனுப்புகிறது. இரண்டும் சீரிஸ் இணைப்பில் இருப்பதால், இரண்டும் தள்ளும் ரத்தம் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர். ஆனால் அழுத்தம் வேறு. 120/80 என்றால் உடம்புப் பக்கத்தின் சராசரி சுமார் 93 மி.மீ. பாதரசம். நுரையீரல் பக்கத்தின் சராசரி வெறும் 14. அதனால்தான் இடது கீழறையின் சுவர் ஏறக்குறைய 1 செ.மீ. தடிமனாக இருக்கிறது, வலது கீழறைக்கு 3 முதல் 5 மி.மீ. போதுமாக இருக்கிறது.

கையில் கட்டும் பட்டை அளப்பது இடது பம்பின் லைனை மட்டும். வலது பம்பின் லைனில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

ஓய்வில் நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 20-ஐத் தாண்டினால் அது நுரையீரல் உயர் ரத்த அழுத்தம். 1973-ல் ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய கூட்டம் முதல் பல ஆண்டுகள் இந்தக் கோடு 25-ல் இருந்தது. 2018-ல் நடந்த உலக மாநாடு அதை 20-க்கு இறக்கச் சொன்னது. 2022-ல் ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டி அதை ஏற்றுக்கொண்டது.

காரணங்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறார்கள். ஒன்று, நுரையீரலின் சிறு தமனிகளே தடித்துப் போவது. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை இருந்து மூடப்படாமல் போனவர்களும் இதில் வருவார்கள். இரண்டு, இடது பக்க இதய நோய். மூட்டுக் காய்ச்சலால் வால்வு சுருங்கிப்போவது நம் நாட்டில் இன்னும் உண்டு. மூன்று, நுரையீரல் நோய். பீடி, சிகரெட், விறகடுப்புப் புகையால் வருவதும் இதில் அடங்கும். நான்கு, கரையாமல் தங்கிவிட்ட ரத்தக்கட்டிகள். ஐந்து, பல காரணங்கள் கலந்தவை. உலக மக்கள்தொகையில் சுமார் 1 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு வகை இருக்கும் என்பது மதிப்பீடு.

அறிகுறியோ மூச்சு வாங்குவது, களைப்பு, கால் வீக்கம். எந்த நோய்க்கும் பொருந்தும் அறிகுறிகள்! முதல் வகை நோயாளிகளைப் பற்றிய வெளிநாட்டுப் பதிவேடுகளிலேயே, அறிகுறி தொடங்கி நோய் தெரிய சராசரியாக 2 ஆண்டுக்கு மேல் ஆகிறது. அத்தை அந்தச் சராசரிக்குள்தான் இருந்தார்.

இதுக்கும் ஓம் விதிதான்

முதல் வருஷ எலக்ட்ரிகல் பேப்பரை நினைச்சுக்கோங்க. வோல்டேஜ் வித்தியாசத்தை கரன்ட்டால் வகுத்தா ரெசிஸ்டன்ஸ். இங்கே வோல்டேஜுக்குப் பதில் அழுத்தம், கரன்ட்டுக்குப் பதில் ரத்த ஓட்டம். நல்ல நுரையீரலில் நுழையும் இடத்தில் 14, வெளியேறும் இடத்தில் 8, ஓட்டம் 5 லிட்டர். (14 − 8) ÷ 5 = 1.2. இந்த அலகுக்கு வுட் யூனிட் என்று பெயர். 2-க்கு மேல் போனால் அதிகம்.

அத்தையின் ரிப்போர்ட்டில் நுழையும் இடம் 48, வெளியேறும் இடம் 10, ஓட்டம் 4 லிட்டர். (48 − 10) ÷ 4 = 9.5. மெல்லிய சுவர் உள்ள ஒரு பம்ப், எட்டு மடங்கு எதிர்ப்பைத் தள்ளிக்கிட்டு இருந்திருக்கு.

இன்னொரு விஷயம். நுரையீரலின் குழாய்கள் கோடிக்கணக்கில் பேரலல் இணைப்பில் உள்ளவை. சில அடைத்தால் மற்றவை சுமையை ஏற்கும். பெரும்பகுதி அடைபட்ட பிறகுதான் ஓய்வு நேர அழுத்தமே ஏறத் தொடங்கும். அதாவது, முதல் அலாரம் அடிக்கும்போதே பாதி வழி போயிருக்கும். அதனால்தான் கிடைக்கிற ஒவ்வொரு தடயமும் முக்கியம்.

முக்கொம்பில் நின்று பாருங்கள்

திருச்சிக்காரங்களுக்கு இந்த உடற்கூறு ரொம்ப ஈஸி. மேற்கிலிருந்து அகண்ட காவிரி வருகிறது. முக்கொம்பில் கொள்ளிடம், காவிரி என்று இரண்டாகப் பிரிகிறது. நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. 1836-38-ல் ஆர்தர் காட்டன் மேலணை கட்டியது அந்தக் கவட்டையில்தான்.

வலது கீழறையிலிருந்து கிளம்பும் முதன்மை நுரையீரல் தமனி நம் அகண்ட காவிரி. அது ஒரு கவட்டையில் வலது, இடது என்று பிரிந்து இரண்டு நுரையீரலுக்கும் போகிறது. கீழே வாய்க்கால்கள் அடைத்துக்கொண்டால் மேலே ஆறு என்ன ஆகும்? நீர்மட்டம் ஏறும், ஆறு அகலும். தமனியின் சுவர் ரப்பர் மாதிரி நெகிழக்கூடியது என்பதால் இங்கேயும் அதே கதை. லாப்லாஸ் விதிப்படி சுவரின் இழுவிசை, அழுத்தமும் ஆரமும் பெருக்கிய அளவு. அழுத்தம் ஏறினால் ஆரம் கூடும். ஆரம் கூடினால் இழுவிசை இன்னும் கூடும். சுவர் இன்னும் விரியும்.

ஆக, அழுத்தத்தை நேராக அளக்க முடியாவிட்டாலும், ஆற்றின் அகலத்தை அளந்து கீழே அடைப்பு இருக்குமோ என்று சந்தேகப்படலாம். சி.டி. செய்வது இதைத்தான். சி.டி. அழுத்தத்தை அளப்பதில்லை, அழுத்தம் விட்டுச்சென்ற தடத்தை அளக்கிறது.

படம் வரும் வழி: ஜோசப் காலேஜ் வழியாக

சி.டி. என்றதும் எல்லாரும் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டைச் சொல்வார்கள். அவர் ஒரு இன்ஜினியர். லண்டனில் 1971 அக்டோபர் 1 அன்று அவருடைய இயந்திரத்தில் முதல் நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது. 1979-ல் ஆலன் கார்மாக்குடன் நோபல் பரிசு பெற்றார்.

அதே 1971-ல் நம்ம ஊரோடு தொடர்புள்ள இன்னொரு வேலையும் நடந்தது. ஜி.என். ராமச்சந்திரன் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் படித்தவர். 1942-ல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் சேர்ந்தார். அங்கே, திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமனிடம் இயற்பியலுக்கு மாறிவிட்டார். (டிபார்ட்மென்ட் மாத்தலாமான்னு யோசிக்கிறவங்க கவனிக்க!) பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தில் புரதங்களின் அமைப்பை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார். 1971-ல் அவரும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் எக்ஸ்ரே நிழல்களிலிருந்து உள்ளமைப்பைக் கணக்கிட ஒரு சுருக்கமான வழியை வெளியிட்டார்கள்.

ஸ்ரீரங்கம் ஆயிரங்கால் மண்டபத்துக்குள்ளே போகாமல் வெளியே சுற்றி நடக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோணத்திலும் எங்கே வெளிச்சம் ஊடுருவுகிறது, எங்கே மறைகிறது என்று குறித்துக்கொண்டே வருகிறீர்கள். எல்லாக் குறிப்பும் சேர்ந்தால் தூண்கள் நிற்கும் இடத்தை வரைந்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு நிழலையும் அப்படியே திருப்பிப் பரப்பினால் படம் மங்கலாக வரும். பரப்புவதற்கு முன் நிழலை ஒரு பில்டரில் போட்டுக் கூர்மையாக்க வேண்டும். ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் இதை ஃபூரியர் உருமாற்றம் இல்லாமல் கன்வல்யூஷனாலேயே செய்து காட்டினார்கள். அன்றைய கணினிகளுக்கு அது பெரிய சேமிப்பு. அந்த பில்டருக்கு இருவர் பெயரையும் சேர்த்து "ராம்-லாக்" என்று பெயர். மேட்லாபில் "ஐரேடான்" கட்டளையைக் கொடுத்துப் பாருங்க. நீங்க எதுவும் சொல்லலன்னா அது தானா எடுத்துக்கிற பில்டர் ராம்-லாக்தான். இன்றைய ஸ்கேனர்கள் இன்னும் நுட்பமான முறைகளுக்குப் போய்விட்டாலும், பாடம் தொடங்கும் இடம் இதுதான்.

அளப்பது எப்படி?

நெஞ்சு சி.டி.யை எந்தக் காரணத்துக்காக எடுத்திருந்தாலும் நுரையீரல் தமனி அதில் இருக்கும். சி.டி.யில் வரும் கோப்பு டைகாம் வகை. 3டி ஸ்லைசர் போன்ற இலவச மென்பொருளில் திறக்கலாம்.

1. குறுக்குவெட்டுப் படத்தை எடுங்கள். மேல்பக்கம் நெஞ்செலும்பு, கீழ்ப்பக்கம் முதுகெலும்பு. நோயாளியின் காலடியில் நின்று மேலே பார்க்கும் கோணம் என்பதால், அவருடைய வலது பக்கம் படத்தின் இடப்பக்கம் வரும்.

2. திரை அமைப்பை நடுநெஞ்சுக்கு மாற்றுங்கள்: அகலம் சுமார் 350, மையம் சுமார் 40. ஹவுன்ஸ்ஃபீல்டு அளவில் காற்று −1000, தண்ணீர் 0. நுரையீரலைப் பார்க்கும் அமைப்பிலேயே இருந்தால் நடுப்பகுதி முழுக்க வெள்ளையாகத் தெரியும், ஒன்றும் பிரித்தறிய முடியாது.

3. மெதுவாக மேலும் கீழும் நகர்த்தி, தமனி இரண்டாகப் பிரியும் கவட்டையைக் கண்டுபிடியுங்கள். இதுதான் முக்கொம்பு. அதற்குப் பக்கத்திலேயே, படத்தின் இடப்புறம், வட்டமாகத் தெரிவது மேலேறும் பெருந்தமனி.

4. கவட்டைக்குச் சற்று முன், தமனி போகும் திசைக்குச் செங்குத்தாகக் கோடு போட்டு அகலத்தை அளங்கள். சாய்த்து அளந்தால் அளவு கூடிவிடும்; பலர் தவறும் இடம் இது.

5. அதே படத்தில் பெருந்தமனியின் அகலத்தையும் அளந்து, முதல் அளவை இரண்டாவதால் வகுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு ஆண்களுக்கு 29 மி.மீ., பெண்களுக்கு 27 மி.மீ. என்று மேல்வரம்பு கொடுத்தது. 2022 ஐரோப்பிய வழிகாட்டி 30 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்கிறது. விகிதம் 1-ஐத் தாண்டினால், அதாவது நுரையீரல் தமனி பெருந்தமனியைவிடப் பெரிதாக இருந்தால், சந்தேகம் வலுக்கும். 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் இந்த விகிதம் நன்றாக உதவுகிறது. வயது கூடக் கூடப் பெருந்தமனியும் அகலும் என்பதால், வயதானவர்களிடம் விகிதம் ஏமாற்றலாம்.

எவ்வளவு துல்லியம்? 350 மி.மீ. பரப்பை 512 பிக்சலாகப் பிரித்தால் ஒரு பிக்சல் சுமார் 0.68 மி.மீ. 27-க்கும் 29-க்கும் நடுவே மூணே பிக்சல்தான். எல்லைக்கோட்டில் இருக்கும் அளவை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது.

அகலம் மட்டும் போதாது

தடயங்கள் சேரச் சேர வழக்கு வலுப்படும்.

வலது கீழறை இடது கீழறையைவிடப் பெரிதாகத் தெரிவது. இரண்டுக்கும் நடுவேயுள்ள சுவர் இடப்பக்கம் தள்ளப்பட்டிருப்பது. வலது கீழறையின் வெளியேறும் பாதையில் சுவர் 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்திருப்பது. இவற்றைப் பார்க்கச் சாய மருந்து செலுத்தி எடுத்த படம் வேண்டும்.

நுரையீரலுக்குள்ளே தமனியின் கிளையும் மூச்சுக்குழாயின் கிளையும் ஜோடியாகவே போகும். சாதாரணமாக இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. பல மடல்களில் தமனி பெரிதாக இருந்தால் அதுவும் தடயம்.

அப்புறம், நுரையீரல் திட்டுத் திட்டாக, மொசைக் தரை மாதிரி கறுப்பும் சாம்பலுமாகத் தெரிவது. ரத்தம் போகாத பகுதி கறுத்திருக்கும். பழைய ரத்தக்கட்டிகள் இருக்கலாம் என்று சொல்லும் தடயங்களில் இது ஒன்று.

அத்தையின் 2021 படத்தில் தமனி 34, பெருந்தமனி 30. விகிதம் 1.13. மொசைக்கும் இருந்தது. நான் அளந்துட்டு எங்க டாக்டர்கிட்ட காட்டினேன். அவரும் அளந்து பார்த்துட்டு ஒரு நிமிஷம் பேசல. அன்னைக்கு அந்தப் படத்தைப் படிச்சவர் மேல எனக்குக் கோபம் இல்ல. அந்த மே மாசம் ஒரு நாளைக்கு எத்தனை படம் பார்த்திருப்பார்! அவர்கிட்ட கேட்ட கேள்வி "கொரோனா எவ்வளவு?" மட்டும்தான். அதுக்குச் சரியாத்தான் பதில் சொல்லியிருந்தார்.

1000 பேர் கணக்கு

அப்போ எல்லாருக்கும் சி.டி. எடுத்துடலாமே? அவசரப்படாதீங்க, பிராபபிலிட்டி பாடத்துக்கு வருவோம்.

1998-ல் வந்த ஒரு சிறிய ஆய்வில் 29 மி.மீ. என்ற கோடு, நோயுள்ளவர்களில் 87 சதவீதம் பேரைப் பிடித்தது. நோயில்லாதவர்களில் 89 சதவீதம் பேரைச் சரியாக விடுவித்தது. நல்ல மார்க்தான். இப்போது சாதாரண மக்கள் 1000 பேரை எடுங்கள். 1 சதவீதம், அதாவது 10 பேருக்கு நோய். அதில் 9 பேரைப் பிடிப்போம். மீதி 990 பேரில் 11 சதவீதம், அதாவது 109 பேரைத் தவறாகப் பிடிப்போம். மொத்தம் பிடிபட்டது 118, உண்மையான நோயாளி 9. நூற்றுக்கு எட்டுக்கும் குறைவு!

அதே கணக்கை, காரணம் தெரியாமல் மூச்சு வாங்கும் 1000 பேரிடம் போடுங்கள். அவர்களில் 300 பேருக்கு நோய் என்று வைத்துக்கொண்டால் சரியாகப் பிடிபடுவது 261, தவறாக 77. நூற்றுக்கு 77 சரி. கோடு மாறவில்லை, யாரிடம் அளக்கிறோம் என்பது மாறியது.

இதோடு கதிர்வீச்சும் இருக்கிறது. ஒரு நெஞ்சு சி.டி. சுமார் 5 முதல் 7 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து ஒரு மனிதருக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பது உலக சராசரியில் 2.4. ஆகவே இந்த அளவுக்காக மட்டும் புதிதாக சி.டி. எடுக்கத் தேவையில்லை. வேறு காரணத்துக்கு ஏற்கெனவே எடுத்த படத்தில் கூடுதலாக அளப்பதற்குக் கதிரும் இல்லை, காசும் இல்லை.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. நுரையீரல் தழும்பு நோய் உள்ளவர்களுக்கு அழுத்தம் ஏறாமலேயே தமனி அகலலாம். அகலம் சாதாரணமாக இருந்தும் நோய் இருக்கலாம். அதனால் அடுத்த படி எக்கோ. வால்வில் பின்னோக்கிக் கசியும் ரத்தத்தின் வேகத்தை எடுத்து, அதன் வர்க்கத்தை நாலால் பெருக்கினால் அழுத்த வித்தியாசம் வரும். பெர்னூலிதான்! அத்தைக்கு வேகம் நொடிக்கு 4 மீட்டர்; 4 × 16 = 64. கடைசித் தீர்ப்பு வலது இதயத்துக்குள் கதீட்டர் செலுத்தி நேராக அளப்பது. 1929-ல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் டாக்டர் தன் கை நரம்பு வழியாகத் தானே இதயம் வரை கதீட்டர் செலுத்தித் தொடங்கிவைத்த முறை அது. 1956-ல் அவருக்கும் நோபலில் பங்கு கிடைத்தது.

அத்தை இப்போ

அத்தைக்கு இருந்தது நாலாவது வகை. 2019-ல் காலில் உண்டான கட்டிகள் நுரையீரலுக்குப் போய்த் தங்கி, தழும்பாக மாறியிருந்தன. ஐந்து வகைகளில் அறுவை சிகிச்சையால் பெரும்பாலும் குணமாக்கக்கூடிய வகை இது. உடம்பைச் சுமார் 20 டிகிரிக்குக் குளிர்வித்து, ஒரு தடவைக்கு 20 நிமிடம் வரை ரத்த ஓட்டத்தையே நிறுத்தி, தமனியின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் தழும்பை உரித்து எடுக்கிறார்கள். இந்தியாவில் இதைச் செய்யும் இடங்கள் குறைவு. 2024 தொடக்கத்தில் வெளியூரில் நடந்தது. சராசரி அழுத்தம் 48-லிருந்து 24-க்கு வந்தது. தமனி 34-லிருந்து 31; முழுசாப் பழைய அளவுக்குத் திரும்பல. ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. மலைக்கோட்டை இன்னும் ஏறல. அம்மா மண்டபத்துக்கு நிக்காம நடக்கிறார்.

"ரெண்டு வருஷம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா என்னடா ஆகியிருக்கும்?"னு ஒரு நாள் கேட்டார். "வலது பக்கம் இவ்வளவு கஷ்டப்பட்டிருக்காது அத்தை"ன்னு சொன்னேன்.

புராஜெக்ட் தேடுற மூணாம் வருஷ மக்களுக்கு ஒரு யோசனை. நோயாளி அடையாளம் நீக்கிய 1018 நெஞ்சு சி.டி.கள் எல்.ஐ.டி.சி. என்ற பொதுத் தொகுப்பில் இருக்கு. 2023-ல் வெளியான டோட்டல்செக்மென்டேட்டர் என்ற இலவசக் கருவியின் முதல் பதிப்பு 104 உறுப்புகளைத் தானே பிரித்துக் காட்டும். நுரையீரல் தமனியும் பெருந்தமனியும் அதில் உண்டு. கவட்டையைத் தானாகக் கண்டுபிடிச்சு, செங்குத்தா அளந்து, விகிதம் 1-ஐத் தாண்டினா "டாக்டர், இதையும் ஒரு தடவை பாருங்க"ன்னு ஒரு வரி எழுதுற புரோகிராம். அவ்வளவுதான். நோய்ப் பேர் சொல்ற வேலையை டாக்டர்கிட்ட விட்டுடுங்க.

புராஜெக்ட் வேணாம்னா, வீட்டு அலமாரியைத் திறங்க. காரணம் தெரியாம மூச்சு வாங்குற அத்தையோ தாத்தாவோ வீட்டில் இருந்து, பழைய நெஞ்சு சி.டி. ஒண்ணும் கிடந்தா, அடுத்த தடவை ஆஸ்பத்திரி போகும்போது கையோட எடுத்துட்டுப் போங்க. ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "நுரையீரல் தமனி அகலம் எவ்வளவு இருக்கு, டாக்டர்?"